காற்று முடிவெடுக்கும் முன்

*மலையில் பற்றும் தீயை அன்றைக்கு யாராலும் வெல்ல முடியாது. தை மாதமே தொடங்க வேண்டிய வேலை அது. குரங்கணி முதல் கலிஃபோர்னியா வரை எரிந்த மலைகள் சொல்லும் பாடம்.*

2018 மார்ச் 11. மாசி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேற்கே, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் மலைச்சரிவு. வெயில் உச்சி தாண்டிய நேரம். மழை நின்று இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது. பாதையின் இரு பக்கமும் புல் காய்ந்து, வைக்கோல் நிறத்தில் சாய்ந்து கிடக்கிறது. கால் வைத்தால் நொறுங்குகிறது.

அந்தச் சரிவில் இரண்டு குழுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று சென்னையிலிருந்து வந்தது. அதில் பெரும்பாலோர் பெண்கள். இன்னொன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. இரண்டும் சேர்த்து நாற்பது பேருக்குச் சற்றுக் குறைவு. முந்தைய நாள் ஏறி, மேலே தங்கிவிட்டு, ஊருக்குத் திரும்பும் வழி. மறுநாள் காலை பலருக்கும் அலுவலகம் இருந்தது.

புல்வெளித் தீயைக் கண் பார்க்கும் முன் காது கேட்டுவிடும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் காய்ந்த சுள்ளி ஒடிப்பது போலச் சடசடவென்று ஒரு சத்தம். பிறகு புகை. அதற்குப் பிறகுதான் நெருப்பு. சத்தம் கேட்கும் இடத்தில் நிற்பவருக்கு யோசிக்க மிஞ்சுவது சில நிமிடங்களே. அன்று புகைக்குள் திசை தெரியாமல் பலர் சிதறி ஓடினார்கள். சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். முதலில் ஓடிவந்து தூக்கியவர்கள் குரங்கணிப் பகுதி மக்கள்தான். பாதையே இல்லாத சரிவில், இருட்டில், தோளில் சுமந்தும் துணியில் கட்டியும் காயம்பட்டவர்களை இறக்கினார்கள். மறுநாள் காலை விமானப்படை ஹெலிகாப்டர்கள் மீட்பில் இறங்கின. ஒன்பது உயிர்கள் மலையிலேயே போயிருந்தன. அதன் பின் வந்த நாள்களில் மருத்துவமனைகளிலிருந்து ஒவ்வொரு பெயராக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் எண்ணிக்கை 23-ஐத் தொட்டது.

அன்று தொடங்கிய விவாதம் இன்னும் ஓயவில்லை. அனுமதி வாங்கினார்களா, யார் அழைத்துப் போனது, தீ வைத்தது யார் என்ற கேள்விகள் எல்லாம் நியாயமானவை. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் மலைகள் எரியும்போது நாம் கேட்க மறக்கும் கேள்வி வேறு ஒன்று இருக்கிறது. தீ வருவதற்கு இரண்டு மாதம் முன்பு அந்த மலையில் யார், என்ன வேலை செய்தார்கள்?

தீக்கு ஏற்றம் இறக்கம் தெரியும்

ஒரு தீக்குச்சியைக் கிழித்து, தலையை மேலே வைத்துப் பிடியுங்கள். சுடர் மெல்ல இறங்கும். அதே குச்சியைத் தலைகீழாகப் பிடித்தால் விரல் சுடுவதற்கு ஒரு நொடி போதும். மலைச்சரிவில் நடப்பதும் இதுதான்.

சமவெளியில் சுடர் நேராக நிற்கிறது. சரிவில் அது மேல்பக்கப் புல்லின் மீது சாய்ந்து படுக்கிறது. தொடுவதற்கு முன்பே அனல் அந்தப் புல்லின் கடைசி ஈரத்தையும் உறிஞ்சிவிடும். தொட்டதும் பற்றும். அதற்கும் மேலே இருக்கும் புல் ஏற்கெனவே காய்ந்து காத்திருக்கும். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஆஸ்திரேலிய வனத்தீ ஆய்வாளர் மெக்கார்தர் வகுத்த கணக்கு. தட்டையான தரையில் நடக்கிற வேகத்தில் வரும் தீ, 20 டிகிரி சரிவில் நான்கு மடங்கு வேகத்திலும் 30 டிகிரி சரிவில் எட்டு மடங்கு வேகத்திலும் ஏறும். மனிதனுக்குக் கணக்கு நேர் எதிர். மேடு கூடக் கூட அவன் கால் தளர்கிறது, மூச்சு வாங்குகிறது.

இதோடு காற்று சேர்கிறது. காலையில் வெயில் பட்டதும் மலைச்சரிவை ஒட்டிய காற்று சூடேறி மேலே போகத் தொடங்கும். பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து உச்சியை நோக்கி வீசும் அந்தக் காற்று பலமாக இருக்கும். இரவில் மலை குளிர்ந்ததும் காற்று திரும்பிக் கீழே இறங்கும். அதனால்தான் மலைத்தீ பிற்பகலில் வெறிகொள்கிறது, விடியற்காலையில் அடங்குகிறது. அணைக்கப் போகும் வனத்துறை ஊழியர்கள் இரவையும் அதிகாலையையும் விரும்புவதற்குக் காரணமும் இதுதான்.

எல்லாவற்றிலும் மோசமான இடம் ஓடை இறங்கும் ஒடுங்கிய பள்ளம். தண்ணீர் வற்றிய அந்தப் பள்ளம் அடுப்பின் புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். கீழே தீ, மேலே திறந்த வாய். காற்று தானாகவே உறிஞ்சப்படும். ஒளிந்துகொள்ளலாம் என்று அதற்குள் இறங்குவது இயல்பு. அந்த இயல்புதான் ஆளைக் கொல்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு முழுவதும் மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, காற்றை மட்டும் இந்தப் பக்கம் அனுப்புகிறது. வடகிழக்குப் பருவமழையில் புல் வளர்கிறது. மார்கழி, தை மாதங்களில் உயர்ந்த மலைகளில் விழும் உறைபனி அதைக் கருக்குகிறது. மாசி வெயில் மீதி ஈரத்தையும் எடுத்துவிடுகிறது. நல்ல மழை பெய்த ஆண்டுக்கு அடுத்து வரும் கோடை கூடுதல் ஆபத்தானது என்று வனத்துறையினர் சொல்வது இதனால்தான். நிறைய மழை என்றால் நிறைய புல். நிறைய புல் என்றால் நிறைய எரிபொருள்.

அந்தப் புல்லில் ஒரு தாளைப் பறித்துக் கையில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். இந்தச் சரிவுகளில் எலுமிச்சை வாசம் அடிக்கும் தைலப்புல் அதிகம். விரலால் கசக்கினால் வாசம் ஒட்டிக்கொள்ளும். அந்த வாசம் ஓர் எண்ணெய். தண்டு மெலிசு, உள்ளே ஈரம் நிற்க இடமில்லை. ஒரு மரக்கட்டை காய வாரங்கள் ஆகும். இந்தப் புல் ஒரே பகல் வெயிலில் காய்ந்துவிடும். நேற்று இரவு பனி பெய்ததே, ஈரமாக இருக்குமே என்று நம்பி யாரும் பிற்பகலில் அதன் நடுவே நடக்கக் கூடாது.

---
பெட்டிச் செய்தி: குரங்கணி 2018

● இடம்: தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் வட்டம். தமிழக–கேரள எல்லை மலை.
● நாள்: 2018 மார்ச் 11, ஞாயிறு பிற்பகல்.
● உயிரிழப்பு: 23. பெரும்பாலோர் இளைஞர்கள், அவர்களில் பலர் பெண்கள்.
● மீட்பு: உள்ளூர் மக்கள், வனத்துறை, காவல்துறை, தீயணைப்புத் துறை, விமானப்படை ஹெலிகாப்டர்கள், கருட் கமாண்டோ வீரர்கள்.
● விசாரணை: ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ராவைத் தமிழக அரசு விசாரணை அதிகாரியாக நியமித்தது.
● அதன் பின்: மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் தனி விதிகளை 2018-லேயே அரசு வெளியிட்டது.
---

தானாகப் பற்றுவதில்லை

மூங்கில்கள் உரசித் தீப்பிடிக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். உண்மையில் இந்தியக் காடுகளில் பற்றும் தீயில் ஏறக்குறைய எல்லாமே மனிதக் கையால் வருவது. வேண்டுமென்றே வைப்பதும் உண்டு, கவனக்குறைவால் பரவுவதும் உண்டு. மாடுகளுக்குப் புதுப்புல் முளைக்க வேண்டும் என்று வைக்கும் தீ. தேன் எடுக்கப் போட்ட புகை. காட்டோரத் தோட்டத்தில் குப்பையைக் கொளுத்திவிட்டு, அணைந்துவிட்டது என்று நம்பிப் போனவர் விட்ட கங்கு. சாலையோரம் வீசப்பட்ட பீடித்துண்டு. மலைக்கோயிலுக்குப் போனவர்கள் சமைத்துவிட்டுப் போன அடுப்பு.

இவர்களில் யாருக்கும் மலையை எரிக்கும் எண்ணம் இருந்திருக்காது. சமவெளியில் குப்பை எரிக்கும் பழக்கத்தை அப்படியே மலையடிவாரத்துக்குக் கொண்டுபோனதுதான் தவறு. கீழே வைத்த சிறு நெருப்பை மேலே ஏற்றுவது காற்றின் வேலை, சரிவின் வேலை. வைத்தவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவர் பார்த்திராத ஒரு முகட்டில் அது ஒருவரைச் சூழ்ந்துகொண்டிருக்கும்.

2019 பிப்ரவரியில் முதுமலையை ஒட்டிய பந்திப்பூர் இப்படித்தான் எரிந்தது. காய்ந்த உண்ணிச்செடிப் புதர்களும் பலத்த காற்றும் கைகோத்த ஐந்து நாள்களில் 4,000 ஹெக்டேருக்கு மேல் கருகியது. 2024 மார்ச்சில் குன்னூர் அருகே பற்றிய தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் ரேலியா அணையில் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டியிருந்தது. கொடைக்கானல் மேல்மலையில் கோடை வந்தால் புகை வருவது ஆண்டுதோறும் நடக்கிறது.

எழுபத்தாறு ஆண்டு இடைவெளியில் இரண்டு பாடங்கள்

காற்றும் சரிவும் காய்ந்த புல்லும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1949 ஆகஸ்ட் 5. மான்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற மலைப்பள்ளம். பாராசூட்டில் குதித்துத் தீயணைக்கும் பயிற்சி பெற்ற 15 வீரர்கள் அங்கே இறங்கினார்கள். காட்டுக் காவலர் ஒருவர் அவர்களோடு சேர்ந்தார். காற்று திரும்பியது. தீ பள்ளத்தைத் தாண்டிக் கீழ்ப்பக்கம் வந்து, காய்ந்த புல் மண்டிய சரிவில் அவர்களைத் துரத்தியது. எல்லோரும் மேலே ஓடினார்கள். எல்லோரும் இளைஞர்கள், உடல் பலம் உள்ளவர்கள். 13 பேர் இறந்தார்கள்.

பிழைத்த மூவரில் இருவர் முகட்டுப் பாறை இடுக்கு வழியாகத் தப்பினார்கள். மூன்றாமவர் குழுத்தலைவர் வாக் டாட்ஜ். அவர் செய்தது அதுவரை அந்தப் படையில் யாரும் பயிலாத காரியம். ஓடுவதை நிறுத்தி, தன் முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்தார். அது எரிந்து மேலே போனதும், அந்தச் சாம்பலில் குப்புறப் படுத்தார். பெரிய தீ வந்தபோது அங்கே எரிய எதுவும் மிச்சம் இல்லை. சுற்றிக்கொண்டு போய்விட்டது. தன் ஆள்களையும் அதற்குள் வரச் சொன்னார். அவர் என்ன செய்கிறார் என்பது யாருக்கும் புரியவில்லை. முன்பே சொல்லித் தரப்படாத ஒன்றை, நெருப்பு துரத்தும் நேரத்தில் எவராலும் கற்றுக்கொள்ள முடியாது. அமெரிக்க வனத்துறை தன் தீயணைப்புப் பயிற்சியையே மாற்றி எழுதக் காரணமான விபத்துகளில் மான் கல்ச் முக்கியமானது.

அடுத்த பாடம் 2025 ஜனவரி 7-ல் தொடங்கியது. லாஸ் ஏஞ்சல்ஸ். முந்தைய இரண்டு ஆண்டுகள் நல்ல மழை, அதனால் மலை முழுக்கப் புல்லும் புதரும். 2024 மே மாதத்துக்குப் பிறகு ஏறக்குறைய மழையே இல்லை. அந்த நேரத்தில் சான்டா ஆனா காற்று அடித்தது. உள்நாட்டுப் பாலைவன மேட்டிலிருந்து கடலை நோக்கி மலை இறங்கி வரும் காற்று அது. இறங்கும்போது அமுக்கப்படுவதால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் சூடேறும், ஈரப்பதம் விழுந்துவிடும். மலைமுகடுகளில் மணிக்கு 150 கிலோமீட்டரையொட்டி வீச்சுகள் பதிவாயின. நம் குரங்கணியில் தீ மேலே ஏறியது. அங்கே காற்று தீயை மலையிலிருந்து இறக்கி ஊருக்குள் தள்ளியது. கங்குகள் வெகுதூரம் பறந்து கூரைகளில் விழுந்தன.

உலகிலேயே பெரிய தீயணைப்பு ஏற்பாடுகளில் ஒன்று அங்கே இருந்தது. ஆனால் முதல் இரவில் காற்றின் வேகத்தால் விமானங்கள் பறக்க முடியவில்லை. மேட்டுப் பகுதிகளில் குழாய்களில் தண்ணீர் அழுத்தம் விழுந்தது. மலையடிவார ஊரான ஆல்ட்டடீனாவின் மேற்குப் பகுதியில் வெளியேறச் சொல்லும் உத்தரவு பல மணி நேரம் பிந்தி வந்தது. அங்கே பரவிய ஈட்டன் என்ற தீயில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பகுதிக்காரர்கள். பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரண்டு தீயிலும் சேர்த்து இறந்தவர்கள் 31 பேர். எரிந்த கட்டடங்கள் 16,000-க்கு மேல்.

பணம், விமானம், கருவி எல்லாம் இருந்த இடத்திலேயே, காற்று எழுந்த பிறகு மனிதன் கைகட்டி நின்றான். அதற்கு முன்பு செய்ததும் செய்யாததும்தான் யார் பிழைப்பது என்று தீர்மானித்தன.

பச்சைக் குழையோடு நிற்பவர்கள்

நம் மலைகளில் அந்த முன்வேலையைச் செய்பவர்கள் யார்? வனத்துறையின் கடைநிலையில் இருக்கும் வனக் காவலர்கள், வேட்டைத் தடுப்புக் காவலர்கள், கோடைக்கு மட்டும் தினக்கூலிக்கு எடுக்கப்படும் தீத்தடுப்புக் காவலர்கள். பலர் பழங்குடியினர். மலையின் ஒவ்வொரு ஓடையும் தெரிந்தவர்கள். ஆனால் வேலை நிரந்தரம் இல்லாதவர்கள்.

அவர்கள் வேலையை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். தை மாதம் தொடங்கும்போது முகடுகளிலும் பாதையோரங்களிலும் தீத்தடுப்புக் கோடு போடுவார்கள். சில மீட்டர் அகலத்துக்குப் புல்லையும் புதரையும் அரிவாளால் வெட்டி, சருகைக் கூட்டி, காற்று இல்லாத அதிகாலையில், பனி ஈரம் இருக்கும்போதே அதைக் கவனமாக எரித்துவிடுவார்கள். மண் மட்டும் தெரியும் ஒரு கோடு மிஞ்சும். கோடையில் வரும் தீ அங்கே வந்து, தின்ன ஏதுமில்லாமல் நிற்கும். கிலோமீட்டர் கணக்கில் செய்ய வேண்டிய வேலை. ஒரு பலத்த காற்று சருகைக் கொண்டுவந்து கொட்டினால் மறுபடி கூட்ட வேண்டிய வேலை.

தீ வந்துவிட்டால்? தீயணைப்பு வண்டி ஏறாத சரிவு அது. தண்ணீர் கிடையாது. பக்கத்துப் புதரில் இலை அடர்ந்த பச்சைக் குழையை ஒடித்துக்கொண்டு, தீயின் ஓரத்தில் வரிசையாக நின்று அடிப்பார்கள். ஓங்கி அடித்தால் கங்கு சிதறும் என்பதால் அமுக்கி இழுத்து அடிக்க வேண்டும். குழை கருகினால் அடுத்ததை ஒடிக்க வேண்டும். இலை ஊதும் இயந்திரங்கள் சில இடங்களுக்கு வந்திருக்கின்றன. இன்றும் முதல் ஆயுதம் அந்தக் குழைதான்.

இதன் விலையைச் சிலர் உயிரால் கொடுத்திருக்கிறார்கள். 2020 பிப்ரவரி 16 அன்று கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூரில் தீயணைக்கப் போன மூன்று வனக் காவலர்கள் தீயில் சிக்கி இறந்தார்கள். 2024 ஜூன் 13 அன்று உத்தராகண்டின் பின்சர் சரணாலயத்தில் நான்கு வன ஊழியர்கள் அங்கேயே இறந்தார்கள்; காயம்பட்டவர்களில் மேலும் இருவர் பின்னர் இறந்தார்கள். காய்ந்த பைன் ஊசியிலைகள் மெத்தை போலக் கிடக்கும் இமயமலைச் சரிவு அது.

எல்லையில் ஒரு வீரர் இறந்தால் ஊரே திரண்டு நிற்கிறது. நிற்க வேண்டியதுதான். நாம் குடிக்கும் தண்ணீர் பிறக்கும் இடத்தைக் காக்கப் போய் இறந்தவருக்கும் அந்த மரியாதை வர வேண்டும். மரியாதை என்பது மாலையோடு முடிவதல்ல. எரியாத துணியில் உடை, தோல் பூட்ஸ், முகக்கவசம், வயர்லெஸ் கருவி, காப்பீடு, ஆண்டு முழுவதும் சம்பளம். தங்கள் உயிரை முன்னிறுத்தி நிற்பவர்களுக்கு நாம் கொடுக்கக்கூடிய குறைந்தபட்ச மரியாதை இது.

---
பெட்டிச் செய்தி: வானத்திலிருந்து ஒரு கண்

● டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியே காட்டுத்தீயைக் கண்டறிந்து மாநிலங்களுக்கு எச்சரிக்கை அனுப்புகிறது.
● மோடிஸ் உணர்கருவியின் ஒரு புள்ளி தரையில் ஒரு கிலோமீட்டர். பின்னர் வந்த விர்ஸ் கருவியில் அது 375 மீட்டராகக் குறைந்தது.
● இந்தச் செயற்கைக்கோள்கள் ஓர் இடத்தை நாளைக்குச் சில முறையே கடக்கும். இடைவெளியில் பற்றும் தீ உடனே தெரியாது. மரக்கூட்டத்துக்கு அடியில் ஊரும் தீயும் தப்பிவிடலாம்.
● நாட்டின் காட்டுப் பரப்பில் 36 சதவீதத்துக்கு மேல் அடிக்கடி தீப்பிடிக்கும் வாய்ப்புள்ளது என்பது இந்நிறுவனத்தின் மதிப்பீடு.
---

எரிந்தபின் தொடங்கும் கதை

தீ அணைந்ததும் செய்தி முடிந்துவிடுகிறது. மலைக்கு அப்போதுதான் அடுத்த துன்பம் தொடங்குகிறது.

குரங்கணி மலைகளின் தண்ணீர் கொட்டகுடி ஆறாகப் போடியைத் தொட்டு இறங்கி, வைகையோடு சேர்கிறது. நூறு ஆண்டுக்கு முன் டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் இறங்கிய மலை இது. இன்று அங்கிருந்து இறங்கும் மிகப் பெரிய செல்வம் தண்ணீர். புல்லும் சருகும் வேரும் சேர்ந்து மழையைப் பிடித்துவைத்து, கோடை வரை கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. கடும் தீ அந்த மூடாக்கை எடுத்துவிடுகிறது. அதுமட்டுமல்ல, எரியும் இலைகளின் மெழுகு ஆவியாகி மண்ணுக்குள் இறங்கி உறைந்து, தண்ணீர் ஒட்டாத ஒரு படலமாகிவிடும். எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் நீர் ஓடுவது போல முதல் கோடைமழை அதன் மேல் ஓடும். சாம்பலும் மேல்மண்ணும் கூடவே போகும். ஊற்று வற்றும், ஆறு கலங்கும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கலிஃபோர்னியாவின் மான்டிசீட்டோ காட்டியது. 2017 டிசம்பரில் அதன் மேல் மலைகள் தாமஸ் தீயில் எரிந்தன. சில வாரம் கழித்து, 2018 ஜனவரி 9 அதிகாலையில் ஒரு பெருமழை. பிடித்து நிறுத்த வேர் இல்லாத மண், பாறைகளோடு ஊருக்குள் இறங்கியது. காணாமல் போன இருவரையும் சேர்த்து 23 பேர் இறந்தார்கள். அங்கேயும் 23. தீயிலிருந்து தப்பியவர்களைத் தீயின் நிழல் பிடித்தது.

நம் மலைகளில் இன்னொரு இழப்பும் உண்டு. மலையுச்சிப் புல்வெளி எரிந்தாலும் மழைக்குப் பின் துளிர்த்துவிடும். அது தீயோடு வாழப் பழகியது. அதன் மடிப்புகளில் இருக்கும் சோலைக்காடு அப்படி இல்லை. ஈரத்தில் வளர்ந்த அந்த மரங்களுக்குத் தடித்த பட்டை கிடையாது. ஓரம் ஓரமாகக் கருகி, ஒவ்வொரு தீக்கும் சோலை ஒரு சுற்றுச் சுருங்கும். தரையில் கூடு கட்டும் பறவைகள், ஆமைகள், பாம்புகள், தாயை விட்டு ஓடத் தெரியாத குட்டிகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

எல்லாத் தீயும் எதிரியா?

இங்கே நேர்மையாகப் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. காட்டில் தீயே கூடாது என்ற விதி பிரிட்டிஷ் ஆட்சியில் வந்தது. மதராஸ் வனச் சட்டம் 1882-ல் பிறந்தது. மரத்தை வருமானமாகப் பார்த்த அந்த ஆட்சிக்குத் தீ என்பது நஷ்டம். அதற்கு முன்பு மலைவாழ் மக்கள் தீயை ஒரு கருவியாகக் கையாண்டார்கள்.

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையிலும் நம் ஈரோடு மலைகளிலும் வாழும் சோளகர்கள் 'தரகு பெங்கி' என்பார்கள். சருகு நெருப்பு என்று பொருள். கோடை முற்றும் முன்பே, தரையில் கிடக்கும் சருகு மட்டும் எரியும்படி சிறிய தீயை விடுவது. மரம் கருகாது, புதர் அடையாது, பெருந்தீக்குத் தீனி சேராது. அந்த வழக்கம் தடை செய்யப்பட்ட பின் உண்ணிச்செடி காடு முழுவதும் பரவியது என்று சோளகர்கள் சொல்கிறார்கள். அந்த மலையில் பல ஆண்டு ஆய்வு செய்தவர்களும் இதைக் கவனமாகப் பதிவுசெய்திருக்கிறார்கள்.

அதற்காக யார் வேண்டுமானாலும் காட்டுக்குத் தீ வைக்கலாம் என்று பொருள் இல்லை. காலநிலை மாறிவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் தீக்கு வழிவகுத்த வெப்பமும் வறட்சியும் காற்றும் சேர்ந்த வானிலை, புவி வெப்பமடைந்ததால் சுமார் 35 சதவீதம் கூடுதல் வாய்ப்புள்ளதாகிவிட்டது என்று உலக வானிலை ஆய்வாளர் குழு ஒன்று கணக்கிட்டது. காட்டின் தன்மையும் மாறிவிட்டது. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை, தைலமரம், பைன் எல்லாம் தீக்கு விருந்து. இந்த நிலையில் எந்தச் சரிவில், எந்த நாளில், எந்தக் காற்றில் சிறு தீயை விடலாம் என்று முடிவு செய்ய, சோளகர் பெரியவரும் வன அலுவலரும் ஆய்வாளரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஒருவர் அறிவை இன்னொருவர் சட்டம் குற்றமாக்கிய காலம் போதும்.

மலையேறும் நமக்கும் பொறுப்பு உண்டு

மலையேற்றம் குற்றமல்ல. மலையைப் பார்த்தவர்கள்தான் மலைக்காகப் பேசுவார்கள். குரங்கணிக்குப் பின் வந்த விதிகள் பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று வகுத்தன. அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயமாயின. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்தது. 2025-ல் தீக்காலம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அவற்றை மூடியது. மூடியதைத் தடை என்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. அந்த இரண்டு மாதம் என்பது 23 குடும்பங்கள் கொடுத்த விலையில் வாங்கியது.

---
பெட்டிச் செய்தி: மலையில் புகை தெரிந்தால்

● தீ கீழே இருக்கும்போது மேல்நோக்கி ஓடாதீர்கள். சரிவின் குறுக்கே, காற்றின் பாதையை விட்டு விலகி, கீழ்ப்பக்கமாக நகருங்கள்.
● ஒடுங்கிய ஓடைப்பள்ளத்துக்குள்ளும் அடர்ந்த புல்லுக்குள்ளும் போகாதீர்கள்.
● வெறும் பாறை, மண் தெரியும் இடம், ஏற்கெனவே எரிந்து ஆறிய சாம்பல் தரை ஆகியவை தஞ்சம்.
● பருத்தி உடையே நல்லது. நைலான், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.
● தப்ப வழியே இல்லையென்றால் வெறுந்தரையில் கால்கள் தீ வரும் பக்கம் இருக்கக் குப்புறப் படுத்து, முகத்தை மூடி, தரையை ஒட்டி மூச்சு விடுங்கள்.
● புகையைக் கண்டதும் 112-க்கு அழையுங்கள். சிக்னல் இல்லாத பாதை என்றால் கிளம்பும் முன்பே எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.
---

தை பிறக்கும்போது

குரங்கணிச் சரிவு 2018 ஐப்பசியிலேயே பச்சையாகியிருக்கும். புல்லுக்கு அதுதான் வழக்கம். அடுத்த மாசியில் அது மறுபடி வைக்கோல் நிறமாகும். பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து காற்று எப்போதும் போல ஏறும். புல்லையும் காற்றையும் நாம் மாற்ற முடியாது. இரண்டுக்கும் நடுவே மண் தெரியும் ஒரு கோடு மட்டும் போட முடியும்.

அந்தக் கோட்டைத் தை மாதத்திலேயே போட வேண்டும். போடுகிறவருக்குக் கூலி அதற்கு முன்பே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். அடிவாரத் தோட்டக்காரர் குப்பை கொளுத்தும் நாளைக் காவலரிடம் சொல்லிவிட்டுக் கொளுத்த வேண்டும். மலையேறுகிறவர் தீக்காலத்தில் வீட்டில் இருக்க வேண்டும். இதில் ஒன்றுகூட ஹெலிகாப்டர் கேட்கும் வேலை இல்லை.

அடுத்த தையில் பனி விழும் ஓர் அதிகாலை, முகட்டில் யாரோ ஒருவர் அரிவாளோடு குனிந்து புல் அறுத்துக்கொண்டிருப்பார். அவர் போட்டு முடிக்கும் அந்தச் சில மீட்டர் அகலக் கோட்டுக்குக் கீழ்ப்பக்கம்தான் தீ நிற்க வேண்டும். அவருக்குத் துணையாக இன்னும் பத்துப் பேரை அனுப்புகிறோமா என்பதை, காற்று எழுவதற்கு முன்பே நாம் முடிவு செய்தாக வேண்டும்.